பேக்கிங் மாற்ற யாரைக் கேட்பது: சப்ளையரா, ஆய்வகமா, தனி ஆலோசகரா?

எங்கள் கடலை மிட்டாய்க்கு இதுவரை போட்டுவந்தது பாலியெஸ்டர், மெட்டலைஸ்டு பாலியெஸ்டர், பாலிதீன் என்று மூன்றடுக்கு கவர். சரக்கைக் காப்பதில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடுக்குகளைப் பிரிக்க வழியில்லை என்பதால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கள் தொடவே மாட்டார்கள். எல்லா அடுக்கும் பாலிபுரோப்பிலீனாக இருக்கும் கவருக்கு மாறுவது என்று முடிவானதும், யாரைக் கேட்டுச் செய்வது என்ற கேள்வி வந்தது. ஃபிலிம் சப்ளையர், அரசு ஆய்வகம், ஃபீஸ் வாங்கும் தனி பேக்கேஜிங் இன்ஜினியர் என்று மூன்று வழி. நாங்கள் போனது மூன்றாவது வழியில். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சப்ளையரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆலோசனை இலவசம், கூப்பிட்டால் வருவார், சாம்பிள் ரோல் தருவார், தன்னிடம் ஓடுகிற சரக்கைத்தான் சிபாரிசு செய்வார். ஒருவர் எங்களிடம் பிஎல்ஏ என்ற, தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் கவரைக் காட்டி, மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்றார். பிஎல்ஏ ஈரத்தை நன்றாகவே உள்ளே விடும். வெல்லமோ ஈரத்தை இழுக்கும். கடலை மிட்டாய் பிசுபிசுத்துப் போக வேறென்ன வேண்டும்? மக்கும் பிளாஸ்டிக் விற்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும்; அதன் நகலை முதலில் கேளுங்கள். அதற்கான ஐஎஸ்ஓ 17088 என்ற தரச் சோதனையும் பெரிய உரக்கூடத்தின் சூட்டில் மக்குவதைத்தான் பார்க்கிறது, தெருவோரக் குப்பையில் அல்ல.

ஆய்வகங்களுக்கு நமக்குக் குறைவில்லை. 1966-இல் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங்குக்குச் சென்னையில் மையம் இருக்கிறது. கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட், தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கான நிஃப்டெம், கொஞ்சம் தள்ளிப் போனால் மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக்கான சிஎஃப்டிஆர்ஐ. கவரிலிருந்து உணவுக்குள் என்ன இறங்குகிறது என்ற சோதனைக்கு இப்படிப்பட்ட இடங்களைத்தான் நாட வேண்டும். உணவு கிலோவுக்கு மொத்தம் 60 மில்லிகிராம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிமுறை வைத்த வரம்பு. ரிப்போர்ட்டுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் கேட்ட சோதனைக்கு ஒரு எண் வரும், அவ்வளவுதான். அந்த எண் நம் சரக்குக்குப் போதுமா, போதாவிட்டால் எதை மாற்றுவது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

எங்களுக்கு முடிவைத் தீர்த்துவைத்தது ஒரே விஷயம்: வேலை முடிந்தபின் ஸ்பெக், அதாவது கவர் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத் தாள், யார் கையில் இருக்கும்? சப்ளையர் சொல்லும் கவரில் என்ன அடுக்கு, எத்தனை மைக்ரான், என்ன பசை என்பதெல்லாம் அவர் கணக்கில்தான் இருக்கும். அடுத்த வருஷம் விலை ஏறினால், வேறொருவரிடம் விலை கேட்கக்கூட நம்மிடம் ஒரு தாள் இருக்காது. ஆலோசகர் எழுதிக் கொடுத்தது அந்தத் தாளைத்தான். வெளியே 20 மைக்ரான் பிஓபிபி, உள்ளே சூட்டில் ஒட்டும் அடுக்காக 30 மைக்ரான் மெட்டலைஸ்டு சிபிபி (இரண்டுமே பாலிபுரோப்பிலீன் ஃபிலிம்தான்), இவ்வளவுக்கு மேல் ஈரமும் ஆக்சிஜனும் கடக்கக் கூடாது, 15 மில்லிமீட்டர் அகலத் துண்டில் சீல் இவ்வளவு இழுவை தாங்க வேண்டும் என்று எல்லாம் வரிவரியாக. ஈரம் கடக்கும் அளவை 38 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் அளந்து தர வேண்டும் என்றும் எழுதினார். குளிர்ந்த அறையில் அளந்த எண்ணைக் காட்டினால் எந்தக் கவரும் நல்ல கவராகத்தான் தெரியும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று பேரிடம் ஒரே சரக்குக்கு விலை கேட்டோம். அதுவரை எங்களால் முடியாத காரியம் அது.

கவரில் நம் டிசைனை அச்சடிக்கும் பிரிண்டிங் சிலிண்டர்கள் நம் சொத்து, கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே போடச் சொன்னதும் அவர்தான். சிலிண்டருக்குக் காசு நாம் கொடுத்தாலும், அது கிடப்பது சப்ளையர் கிடங்கில். பல யூனிட்டுகள் ஒரே சப்ளையரிடம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கவரில் சரக்கைப் போட்டு ஒட்டும் மெஷின் பக்கத்திலும் ஆலோசகர் நின்றார். பாலிதீன் சீல் ஆகும் சூட்டில் சிபிபி ஒட்டாது; சூட்டைக் கூட்டினால் வெளியடுக்கு சுருங்குகிறது. கவரைத் தண்ணீரில் முக்கி வேக்குவம் கொடுத்தபோது, நடு சீலும் குறுக்கு சீலும் சந்திக்கும் மூலையிலிருந்து மட்டும் பொடிப்பொடியாகக் குமிழிகள் வரிசை கட்டின. அங்கே ஃபிலிம் மடிந்து தடிப்பாகிறது, சூடு உள்ளே இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, கவரை அழுத்தி ஒட்டும் ஜாவின் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகுதான் குமிழி நின்றது. ‘முழுக்க மறுசுழற்சி ஆகும்’ என்று கவரில் அச்சடிக்க வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்; சின்னக் கவரைப் பொறுக்கி எடுக்க ஆள் இல்லாத ஊரில் அது பொய்யாகிவிடும். ஃபிலிம் விற்கிற யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஃபீஸ் சின்ன யூனிட்டுக்குச் சுமைதான். நல்ல ஆள் கிடைப்பதும் கஷ்டம். பிஸ்கட், நொறுக்குத்தீனி கம்பெனிகளின் பேக்கேஜிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்களை விசாரியுங்கள். எந்தச் சப்ளையரிடமாவது கமிஷன் உண்டா என்று நேருக்கு நேர் கேட்டு, இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். இபிஆர் (விற்ற பிளாஸ்டிக்கின் கழிவுக்குப் பொறுப்பேற்பது) பதிவு செய்து தருகிறோம் என்று வருபவர்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு வேலை; 2022 பிளாஸ்டிக் கழிவு விதிமுறை பிராண்டு உரிமையாளர்களில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது.

புதுக் கவர் இன்னும் ஒரு முழு மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. கடலோர ஊர்க் கடைகளில் எப்படி நிற்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். அட்டைப்பெட்டி, பாட்டில் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை. வீட்டிலிருந்து ரெடிமேட் பவுச்சில் போட்டு விற்பவர்களுக்கு ஆலோசகர் தேவையே இல்லை: நம்பிக்கையான சப்ளையரிடம் பவுச் வாங்கி, ஆய்வகத்தில் ஒரு சோதனை எடுத்து, அந்த ரிப்போர்ட்டைத் தங்கள் பெயரில் வாங்கிக்கொண்டால் போதும்.