1949-ஆ, 1969-ஆ? இரண்டு புண்டஸ்டாக் காலங்கள்

மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பதவிக்காலத்தைப் படிக்கலாம் என்றால் எதை எடுப்பது? முதலாவதா (1949–53), ஆறாவதா (1969–72)?

இரண்டும் நூலிழையில்தான் தொடங்கின. 1949 செப்டம்பரில் அடனாவர் பிரதமரானது சரியாகத் தேவைப்பட்ட 202 வாக்குகளில். அதில் ஒன்று அவர் தனக்கே போட்டுக்கொண்டது. 1969-இல் பிரதமராக பிராண்ட்டுக்கு 249 போதும், 251 கிடைத்தது.

அப்புறம்தான் வித்தியாசம். முதல் அவையில் கட்சிகள் ஏராளம், கூச்சலும் அப்படியே. அடனாவரை "நேச நாடுகளின் பிரதமர்" என்று சாடிய எதிர்க்கட்சித் தலைவர் ஷூமாகரை 20 அமர்வுகளுக்கு வெளியேற்றினார்கள். ஆனாலும் அந்த அவை நான்காண்டுகள் முழுதாக ஓடி, போரில் எல்லாம் இழந்தவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தை 1952-இல் நிறைவேற்றியது. வேலை என்று பார்த்தால் இதுதான் கனம்.

விறுவிறுப்புக்கு ஆறாவதை மிஞ்ச ஆளில்லை. கம்யூனிச கிழக்கு நாடுகளுடன் பிராண்ட் செய்த 'கிழக்கு ஒப்பந்தங்களை' எதிர்த்து உறுப்பினர்கள் கட்சி தாவ, பெரும்பான்மை கரைந்தது. 1972 ஏப்ரல் 27-இல் பிராண்ட்டைக் கவிழ்த்துத் தானே பிரதமராக, எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செல் வந்தார். 249 வேண்டும், 247தான் விழுந்தது. பிராண்ட்டைக் காப்பாற்ற கிழக்கு ஜெர்மன் உளவுத்துறை பணம் கொடுத்து வாக்கு வாங்கிய கதை பின்னால் வெளிவந்தது. மறுநாளே பிரதமர் அலுவலகத்துக்கான பட்ஜெட் 247–247 எனச் சமநிலையில் தோற்றது. ஆட்சியைக் கவிழ்க்கவும் ஆளில்லை, நடத்தவும் ஆளில்லை!

என் ஓட்டு ஆறாவதுக்கே. செப்டம்பரில் அமைச்சர்கள் வாக்களிக்காமல் ஒதுங்க, அவையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போக பிராண்ட் வேண்டுமென்றே நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். அவை கலைந்தது, நவம்பர் தேர்தலில் 91 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர் கட்சி முதல்முறையாக முதலிடம் பிடித்தது.