ஆக்சிஜனைக் குறைக்கும் மெஷினா, வேக நடையா? வயதானவர்களின் மூளை ரத்தக்குழாய்க்கு எது உதவும்

முகமூடியை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும் என்று ஒரு சிகிச்சை பேசப்படுகிறது. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை மெஷின் 10 முதல் 14 சதவீதம் வரை இறக்கிச் சில நிமிஷம் கொடுக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் சாதாரணக் காற்று, மறுபடியும் குறைந்த ஆக்சிஜன். 14 சதவீதம் என்பது ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் லே ஊரில் மூச்சுவிடுவதற்குச் சமம்.

இது வெறும் புரட்டு இல்லை. ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆக்சிஜன் குறைந்தால் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் சிதையாமல் தங்கி, புது ரத்தக்குழாய் வளர உதவும் மரபணுக்களை முடுக்கிவிடும். மூளைக்குள் இருக்கும் குழாய்களும் விரியும். ஆனால் மூச்சு வேகமாகி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கினால் அதே குழாய்கள் சுருங்கப் பார்க்கும், அதனால் லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவிலும் ஆக்சிஜன் இப்படித்தான் இறங்கி ஏறுகிறது, அது பிரஷரை ஏற்றி ரத்தக்குழாயைக் கெடுக்கிறது. எவ்வளவு ஆழம், எத்தனை தடவை, எத்தனை நாள் என்பதுதான் மருந்தையும் விஷத்தையும் பிரிக்கிறது, வயதானவர்களுக்கு அந்தக் கோடு எங்கே என்று சொல்லும் பெரிய, நீண்ட ஆய்வு இன்னும் கையில் இல்லை.

நடைப்பயிற்சியில் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பெரிய ஆபத்தில்லை. ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து இளகுகிறது, கூடவே பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் வரும். 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேரை வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வரை, ஒரு வருஷம் நடக்க வைத்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது, வெறும் உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி செய்த மற்றவர்களுக்குச் சுருங்கியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு பலனைக் காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சிரைக்க ஓடினால் கூடுதல் பலன் என்றும் நினைக்காதீர்கள்; கடும் வேகத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி, கூடியிருந்த மூளை ரத்த ஓட்டம் திரும்பக் குறையத் தொடங்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும்.

கடையில் கிடைக்கும் 'ட்ரெயினிங் மாஸ்க்' ஆக்சிஜன் சதவீதத்தைக் குறைப்பதே இல்லை, மூச்சிழுப்பதைக் கஷ்டமாக்கும், அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்ப்பது, அதாவது ஆக்சிஜன் குறைந்த அறையில் மெதுவாக நடப்பது, மூட்டுவலிக்காரர்களுக்கு உதவலாம். குறைந்த வேகத்திலேயே இதயத்துடிப்பு ஏறிவிடுமே. அதையும் டாக்டர் பக்கத்தில் இருந்து, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டித்தான் செய்ய வேண்டும். நெஞ்சுவலி, நுரையீரல் நோய், கட்டுப்படாத பிரஷர், பலத்த குறட்டை உள்ளவர்கள் இந்த மெஷின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் அந்தக் காசில் ஒரு பிரஷர் மீட்டரும் நல்ல ஷூவும் வாங்கலாம்.