காரில் துப்பாக்கி வைக்க ஒரு எஃகுப் பெட்டி: பூட்டைவிட கேபிளைக் கவனியுங்கள்

கைத்துப்பாக்கியைக் காரில் பூட்டி வைப்பதற்கென்று விற்கும் சின்ன எஃகுப் பெட்டிகளில், பேட்டரி இல்லாத, ஐந்து பொத்தான் பூட்டு உள்ள வகையை வாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறேன். தாராளமாக வாங்கலாம், ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். துப்பாக்கியோடு நுழையக் கூடாத கட்டடத்துக்குள் கொஞ்ச நேரம் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது என்றால் இது போதும். ராத்திரி முழுக்க தெருவில் நிற்கும் காரில் துப்பாக்கியை விட்டுவிட்டுத் தூங்குவதற்கு இதுவும் போதாது, இதைவிட விலை கூடிய எந்தப் பெட்டியும் போதாது.

கைரேகைப் பூட்டை நான் ஒதுக்கியதற்கு முதல் காரணம் வெயில். கோடையில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும், சீட்டுக்கு அடியில் அவ்வளவு ஏறாது என்றாலும் அந்தச் சூடு பேட்டரிக்கு ஆகாது, கடுங்குளிரிலும் அதன் சக்தி இறங்கிவிடும், போதாததற்கு வியர்த்த விரலை சென்சார் ஏற்காமல் அடம் பிடிக்கும். மலிவான மின்னணுப் பூட்டுகள் சிலவற்றில் இன்னொரு கோளாறும் உண்டு. தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் வைத்த சின்ன சொலினாய்டுதான் (மின்காந்தத்தால் நகரும் ஊசி), பெட்டியை ஓங்கித் தட்டினால் அது துள்ளி விலகிவிடும்.

பொத்தான் பூட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை, இருட்டில் தடவிப் பார்த்தே திறக்க முடிகிறது. ஒவ்வொரு பொத்தானையும் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், தனியாகவோ மற்றொன்றோடு சேர்த்தோ அழுத்தலாம் என்பதால் மொத்தம் ஆயிரத்துக்குச் சற்று மேல்தான் சேர்க்கைகள் வரும். தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் சேர்க்கையை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணாடியை உடைத்து அள்ளிக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது, ஆனால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் வேண்டிய நேரம் கிடைத்துவிடும்.

அங்கேதான் பெட்டியைச் சீட்டோடு கட்டி வைக்கும் எஃகுக் கேபிள் வருகிறது, இந்தப் பெட்டியில் எனக்குத் திருப்தியில்லாத பாகமும் அதுதான். இத்தனை நூறு கிலோ இழுவை தாங்கும் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், சரி, ஆனால் திருட வருகிறவன் கட்டர் கொண்டு வந்தால் சில விநாடியில் வெட்டிவிடுவான். தொங்கலாக விட்டால் வெட்டுவது இன்னும் சுலபம், அதனால் சீட் சட்டத்தின் இரும்பில் இரண்டு சுற்று சுற்றி, கட்டரின் வாய் நுழைய இடமில்லாதபடி இறுக்கிவிட வேண்டும். சீட்டை நகர்த்தும் கைப்பிடியிலோ ஹெட்ரெஸ்ட் கம்பியிலோ மாட்டினால் பயனில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் வயர், கேபிள் அதில் உரசவே கூடாது. மாட்டிய பிறகு, கேபிள் எதிலாவது சிக்குகிறதா என்று சீட்டை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளிப் பாருங்கள். கேபிளே போடாமல் சும்மா வைத்தால் திருட்டு மட்டுமல்ல ஆபத்து, விபத்தில் அந்த எஃகுப் பெட்டி வண்டிக்குள் பறந்து யார் மேலாவது மோதும்.

நிரந்தரமாக ஒரே வண்டி ஓட்டுகிறவர்கள் நடுக் கன்சோலுக்குள் போல்ட் போட்டு இறுக்கும் பெட்டியைப் பார்க்கலாம். போல்ட்டின் தலை பெட்டிக்கு உள்ளே இருப்பதால் மூடியிருக்கும்போது கழற்ற வழியில்லை, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. ஆனால் வண்டி மாடலுக்கு மாடல் அளவு வேறு, வண்டியை மாற்றினால் அது வீண். கிளவ் பாக்ஸை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், பிளாஸ்டிக் கதவு, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

பயன்படுத்தும் முறையைப் பற்றி விளம்பரங்கள் எதுவும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். போய்ச் சேர்ந்த பார்க்கிங்கில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தால் பார்க்கிறவன் பார்த்துவிடுவான், கிளம்பும் இடத்திலேயே பூட்டிவிட வேண்டும். வைக்கும்போது ஹோல்ஸ்டரோடு (துப்பாக்கி உறை) சேர்த்து வைக்க வேண்டும், டிரிகர் (விசை) மூடியே இருக்கட்டும், நெருக்கடியான சீட்டில் துப்பாக்கியை வெளியே உருவுவது நல்லதில்லை. தோட்டா இல்லாமல்தான் காரில் வைக்கலாம் என்று சட்டம் சொல்லும் இடத்தில் வண்டி ஏறும் முன்பே, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை எடுத்துவிட்டு, சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா வந்து உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால், ஒரு நிமிடம் இறங்கினாலும், பெட்டி பூட்டியே இருக்க வேண்டும்.

உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, மழைக்காலத்தில் இரும்பில் துரு பூக்க அது போதும். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பாக்கெட் ஒன்று போட்டு அடிக்கடி மாற்றுகிறேன், வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுவதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அப்புறம், துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதி, காரில் இல்லாமல் வீட்டில் வையுங்கள். திருடு போனால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.