கேசி கேசமா, அமீன் சயானியா?

இந்த இரண்டு வானொலித் தொகுப்பாளர்களில் யார் மேல் என்பதுதான் கேள்வி. இருவரும் நடத்தியது வாராந்திரப் பாட்டு வரிசை நிகழ்ச்சிகள்தான். ஆனால் 1970 ஜூலையில் தொடங்கிய 'அமெரிக்கன் டாப் 40'-ல் கேசி கேசம் பாட்டுக்கு நிகராகக் கதையையும் நம்பினார். பாடகரைப் பற்றி ஒரு புதிர் போடுவார். விடை விளம்பரம் முடிந்த பிறகுதான். அதுவரை யார் நிலையத்தை மாற்றுவார்கள்? (கெட்டிக்காரத்தனம்தான்!) 1978-ல் நேயர் கடிதத்தை வாசித்து, தொலைவில் இருக்கும் ஒருவருக்காகப் பாட்டு போடும் பகுதியும் சேர்ந்தது. வரிசை மட்டும் அவர் கையில் இல்லை, அமெரிக்க இசை இதழான 'பில்போர்டு'வின் பட்டியல் சொன்னதுதான்.

1952-ல் இலங்கை வானொலியில் தொடங்கிய, சயானியின் இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியான 'பினாகா கீத்மாலா'வில் தரவரிசை பின்னால்தான் வந்தது. இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் கணக்கில் சேரும். சயானியிடம் ஈர்ப்பு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற அந்தக் குரல். துணுக்குச் செய்திதான் வேண்டும் என்றால், சரி, கேசம்தான்.