டினி: சிக்னலைக் கடத்தும், ஸ்கிரிப்டைத் திருத்தாது

டாக்கரில் (ப்ரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ‘டாக்கர் ஸ்டாப்’ கொடுத்ததும் கன்டெய்னர் (அந்தப் பெட்டி) 10 விநாடி அசையாமல் கிடந்துவிட்டு, 137 என்ற எக்ஸிட் கோடோடு சாகிறதா? 128-உடன் 9-ஐக் கூட்டியதுதான் அந்த 137. 9 என்றால் சிக்கில், ப்ராசஸை (ஓடும் ப்ரோகிராமை) வலுக்கட்டாயமாகக் கொல்லும் சிக்னல். முதலில் போன சிக்டெர்மை (‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் சிக்னல்) உள்ளே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிஐடி 1-ஆக, அதாவது கன்டெய்னரின் முதல் ப்ராசஸாக, ஓடுவது தனக்கென ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கோடு) வைக்காவிட்டால், கன்டெய்னருக்கு வரும் சிக்டெர்மை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். என்ட்ரிபாயின்ட் (கன்டெய்னர் கிளம்பும்போது முதலில் ஓடுவது) வெறும் பேஷ் ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் பெரும்பாலும் இதே கதைதான்.

இதற்கென்றே எழுதிய குட்டி ப்ரோகிராம் டினி (லினக்ஸின் முதல் ப்ராசஸான இனிட்டைத் திருப்பிப் போட்ட பெயர்). தானே பிஐடி 1 ஆகி, வரும் சிக்னலைத் தான் கிளப்பிய பிள்ளை ப்ராசஸுக்குக் கடத்தும், ஜாம்பிகளையும் (முடிந்த பிறகும் பட்டியலில் தங்கிவிடும் ப்ராசஸ்கள்) அள்ளிப்போடும். டாக்கர் 1.13 முதல் கூடவே வருவதால் ‘டாக்கர் ரன் --இனிட்’ போதும். குபர்னெட்டஸில் (பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) அந்த வசதி கிடையாது, இமேஜுக்குள்ளேயே (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) டினியை வைக்க வேண்டும். ஆல்பைன் லினக்ஸில் அது /எஸ்பின் அடியில், டெபியனில் /யுஎஸ்ஆர்/பின் அடியில். பாதையை மாற்றி எழுதினால் கன்டெய்னர் கிளம்பவே கிளம்பாது.

சொன்ன வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. ஆனால் டினியைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரி ‘பைதான் ஆப்.பிஒய்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். டினி சிக்டெர்மை பேஷுக்குத் தரும், பேஷ் உடனே சாகும், பிள்ளை போனதும் டினியும் வெளியேறும். அந்த நொடியே கெர்னல் மிச்சமுள்ள பைதானை சிக்கிலால் அடித்துவிடும். 10 விநாடிக் காத்திருப்பு போய்விட்டதால் சரியாகிவிட்டது போலத் தெரியும். பாதியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியிலேயே நிற்கும். முன்பைவிட மோசம் இது!

மருந்து ஒரே சொல்: ‘எக்ஸெக் பைதான் ஆப்.பிஒய்’. பேஷின் இடத்திலேயே பைதான் உட்கார்ந்துவிடும்.

ஆப் முடிந்தபின் ஸ்கிரிப்டில் இன்னும் வேலை பாக்கி என்றால் எக்ஸெக் உதவாது. அப்போது ‘டினி -ஜி’ என்று கொடுத்தால் ப்ராசஸ் குரூப் (பேஷும் அது கிளப்பிய ப்ரோகிராமும் சேர்ந்த கூட்டம்) முழுவதற்கும் சிக்னல் போகும். அதோடு ஸ்கிரிப்டின் தலையில் ‘ட்ராப் : டெர்ம்’ (சிக்டெர்முக்கு எதுவும் செய்யாத ஒரு ஹேண்ட்லர்) கட்டாயம் வேண்டும். ட்ராப் இருந்தால் பேஷ் உடனே சாகாது. முன்னணியில் ஓடும் ப்ரோகிராம் முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். முக்காற்புள்ளிக்குப் பதில் வெற்று மேற்கோள் போட்டுவிடாதீர்கள். அப்படிப் புறக்கணித்த சிக்னல் பிள்ளைக்கும் அப்படியே இறங்கும்; ஹேண்ட்லர் வைக்காத ப்ரோகிராம் என்றால் பழைய 137-தான்.

ஆப் மூடுவதற்கே 10 விநாடிக்கு மேல் எடுக்குமானால் ‘டாக்கர் ஸ்டாப் -டி 30’ என்று நேரத்தைக் கூட்டுங்கள். அதில் டினி செய்வதற்கு ஒன்றுமில்லை.