த்ரீ போல் ஸ்பைரோமீற்றர்: பெரிய ஒப்பரேஷனுக்குப் பதிந்திருப்பவர்கள் வாங்கலாமா?

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ பெரிய ஒப்பரேஷனுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருகிறவர்களிடம் மூச்சுப் பயிற்சிக்கான இந்தக் கருவியை வாங்கிப் பழகச் சொல்வது வழக்கம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மருந்துக்கடையில் "த்ரீ போல்" என்று கேட்டால் விளங்கும். மூன்று அறை உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பெட்டி, அறைக்கொரு பந்து, வளையும் குழாய், வாயில் வைக்கும் துண்டு. இவ்வளவுதான் சாமான். சொன்னால் வாங்குங்கள். வாங்கினால் அன்றைக்கே உறையைப் பிரித்துப் பழகத் தொடங்குங்கள். வாட்டுக்குக் கொண்டுபோகும் பையில் புதுசாகவே கிடந்தால் காசு வீண்.

ஏன் என்பதை விளங்கிக்கொண்டால்தான் கை தானாக அதை எடுக்கும். ஒப்பரேஷன் முடிந்த பிறகு மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருக்கும்போது, தையல் நோகும் என்ற பயத்தில் மேலோட்டமாகத்தான் மூச்சு எடுப்போம். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுப் போகாது. அங்குள்ள சிறு காற்றறைகள் சுருங்கும், சளி தேங்கும், அதில் கிருமி பிடித்தால் நியூமோனியா. நன்றாக முடிந்த ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஆளை நாட்கணக்கில் படுக்கவைப்பது பல வேளைகளில் இதுதான்.

கருவியின் பெறுமதியை மிகைப்படுத்தக் கூடாது. மேல்வயிற்று ஒப்பரேஷன்கள் பற்றி பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014 இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, இந்தக் கருவியால் நுரையீரல் சிக்கல் குறைகிறது என்பதற்கு நல்ல சான்று காணவில்லை. 2018 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஒஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒப்பரேஷனுக்கு முன்பே இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ற்) ஒருவர் அரை மணித்தியாலம் இருத்தி வைத்து மூச்சுப் பயிற்சியையும் அதன் காரணத்தையும் சொல்லிக்கொடுத்தவர்களில் நுரையீரல் சிக்கல் வந்தது 12 வீதத்தினருக்கு. கைநூல் மட்டும் பெற்றவர்களில் 27 வீதத்தினருக்கு. ஆகவே முன்கூட்டிய அந்த அரை மணித்தியாலம்தான் பெறுமதியானது. கிளினிக்குக்குப் போகும் நாளில் "இயன்மருத்துவரை ஒருக்கால் பார்க்கலாமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்வருகிறவர்கள் அதையும் அதே பயணத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பாவிக்கும் முறை. நிமிர்ந்து இருங்கள், கதிரையோ கட்டில் விளிம்போ பரவாயில்லை. பெட்டியைக் கண்மட்டத்தில் நேராகப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் பந்து இலேசாக ஏறி உங்களை ஏமாற்றும். மூச்சை அமைதியாக வெளியே விட்டு, வாய்த்துண்டை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுங்கள். எங்கள் ஆட்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான்: பலூன் ஊதுவதுபோல ஊதுவார்கள், பந்து அசையாது, பழுதான சாமான் தந்துவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். இது ஊதுகிற கருவி இல்லை, இழுக்கிற கருவி.

இரண்டாவது பிழை, மூன்று பந்தையும் ஒரே வெடுக்கில் மேலே அடிப்பது. பெட்டியில் 600, 900, 1200 என்று இருக்கும் எண்கள் விநாடிக்கு எத்தனை சீசீ (மில்லிலீற்றர்) வேகத்தில் காற்றை இழுக்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கின்றன. எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதைச் சொல்லாது. மூன்றையும் அரை விநாடி தூக்கினால் உள்ளே போனது ஏறத்தாழ 600 சீசீ. முதற் பந்தை மட்டும் மூன்று விநாடி தூக்கி வைத்திருந்தால் 1800 சீசீ. அடி நுரையீரல் விரிவது இந்த இரண்டாவது வகையில்தான். முதலாம் பந்தை ஏற்றி நிறுத்துங்கள், பழகியபின் இரண்டாவதையும் சேருங்கள். மூன்றாவது கீழேயே கிடக்கட்டும். இழுத்து முடிந்ததும் வாய்த்துண்டை எடுத்துவிட்டு மூச்சை மூன்று விநாடி பிடித்து, பிறகு ஆறுதலாக விடுங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து மூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் சாதாரணமாக இரண்டு மூச்சு எடுக்காமல் அடுக்கினால் தலை சுற்றும், விரல் விறைக்கும். பத்து முடிந்ததும் ஒரு தலையணையை, ஒப்பரேஷன் செய்யப்போகும் இடத்தில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இரண்டு தரம் இருமிப் பழகுங்கள். வாட்டில் விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இதையேதான் செய்யச் சொல்வார்கள். நோவு மருந்து வேலைசெய்யும் நேரத்தில் செய்தால் ஆழமாக இழுக்க முடியும். நோவென்றால் தாதிக்குச் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்க வேண்டாம்.

எத்தனை பந்து ஏறுகிறது என்று பக்கத்துக் கட்டிலோடு போட்டி வேண்டாம். நெஞ்சில் யுத்தத்தில் பட்ட பழைய செல் காயம் உள்ளவர்கள் வன்னியில் நிறையப் பேர். விலா உடைந்து பொருந்தியவருக்கு முதற் பந்தே போதுமாக இருக்கலாம். உடம்பில் செல் துண்டு இருக்கிறதென்றால் அதைக் கட்டாயம் வைத்தியருக்குச் சொல்லுங்கள். பலமான காந்தத்தால் எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கானுக்குப் போக நேர்ந்தால் அது மிக முக்கியம்.

கடையிலேயே பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், பந்து ஒட்டாமல் விழ வேண்டும். குழாயின் மடிப்புகளில் வெடிப்பு இருந்தால் காற்று அதாலேயே போய்விடும். வாய்த்துண்டை மட்டும் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். கொதிநீர் பிளாஸ்ரிக்கைக் கோணலாக்கும், பெட்டிக்குள் தண்ணீர் போனால் பந்து ஒட்டும். வீட்டில் இன்னொருவருக்கு இரவல் வேண்டாம், ஒருவருக்கு ஒன்று.

காத்திருக்கும் காலம் நீளலாம். அவசர நோயாளி வந்தால், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லையென்றால் திகதி தள்ளும். அப்போது பயிற்சியை விட்டுவிடாதீர்கள். சுருட்டும் சிகரெட்டும் குறைந்தது நான்கு கிழமைக்கு முன்பே நிற்க வேண்டும், நேரம் குறைவென்றால் இன்றைக்கே நிற்கட்டும். அருவி வெட்டுக் காலத்துத் தூசியிலும் அடுப்புப் புகையிலும் நிற்க வேண்டாம். தடிமன், காய்ச்சல், புதுச் சளி வந்தால் திகதி போய்விடுமே என்று மறைக்காமல் கிளினிக்குக்கு அறிவியுங்கள். இருமும்போது இரத்தம் வந்தாலோ நெஞ்சு நோவு வந்தாலோ கருவியை வைத்துவிட்டு வைத்தியரைக் காணுங்கள்.

கண்புரைக்கோ, முதுகில் ஊசி போட்டுச் செய்யும் கால் ஒப்பரேஷனுக்கோ இது பொதுவாகத் தேவைப்படாது. நெஞ்சு, மேல்வயிறு என்று வாங்கச் சொன்னால் வாங்குங்கள். வீடு திரும்பிய பிறகும் வழமைபோல நடமாடும் வரை தொடருங்கள். அப்போது காய்ச்சலோ மஞ்சள் சளியோ வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் உடனே 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.