எட்டிமான்லைன்: ‘நைஸ்’ ஒரு காலத்தில் திட்டு

மொழிபெயர்ப்பு வேலையில் என்னைப் படுத்துபவை கடினமான ஆங்கிலச் சொற்கள் அல்ல. அவற்றுக்கு எப்படியும் அகராதியைப் புரட்டிவிடுவோம். தெரிந்த முகம் காட்டி ஏமாற்றும் சின்னச் சொற்கள்தான் ஆபத்து. பழைய கட்டுரையில் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று வந்தால் அது நல்ல வேறுபாடு அல்ல, நூலிழை வேறுபாடு. இந்த மாதிரி இடங்களில் நான் போவது எட்டிமான்லைனுக்கு. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனி மனிதர் தொடங்கிய சொற்பிறப்பு அகராதி, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அதன் அருமை தெரிய ‘நைஸ்’ பதிவு ஒன்றே போதும். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவர்: ‘நெ’ என்றால் ‘இல்லை’, ‘ஸ்கிரே’ என்றால் ‘அறிதல்’. பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு முட்டாள் என்றே பொருள். அப்புறம் கோழை, எதிலும் நொட்டை சொல்பவர், நளினமானது, 16ஆம் நூற்றாண்டில் துல்லியமானது. இனிமையானது என்ற பொருள் 1769இல்தான் எட்டிப்பார்க்கிறது. அன்பானவர் என்பதற்கு 1830. ‘சில்லி’ பதிவையும் கையோடு படியுங்கள். பாக்கியசாலி என்று தொடங்கி, அப்பாவியாகி, பரிதாபத்துக்குரியதாகி, கடைசியில் அசடு ஆன சொல் அது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பதிவு இன்னொன்றுக்கு இழுத்துப்போவது. ‘ஸ்கிரே’யைத் தொடர்ந்தால் ‘சயின்ஸ்’ வருகிறது; முட்டாளும் அறிவியலும் ஒரே வேர்! ‘நெ’யைத் தொடர்ந்தால் ‘நாட்’, ‘நெவர்’ எல்லாம் வந்து, சமஸ்கிருத ‘அ’ வரை போகிறது. அநீதி, அநியாயம் என்கிறோமே, அந்த ‘அ’தான்.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. ஆண்டு என்று போட்டிருப்பது அந்தச் சொல் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் காலம், பிறந்த தேதி அல்ல. பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். நட்சத்திரக் குறியோடு வரும் வேர்கள் அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்தவை, எங்கும் எழுதிவைக்கப்பட்டவை அல்ல. பதிவுகள் சுருக்கக் குறிகளோடு நெருக்கமாக இருக்கும், முதலில் கொஞ்சம் மிரட்டும்.

இன்னொன்று, சொல்பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு என்று தளமே சொல்கிறது. அதனால் யாராவது உங்களை ‘நைஸ்’ என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். இன்றைய பயன்பாடு மட்டும் வேண்டுமென்றால் சாதாரண அகராதியே போதும். பழைய ஆங்கிலம் படிப்பவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சரி, ‘நைசாக நழுவிவிட்டான்’ என்கிறோமே, அது அங்கே கிடைக்காது. அது நம்முடைய கைவரிசை.